நிவாரண லாரிக்கு முன்னால் ராணுவ ஜீப் ஓடினால் என்ன ஆகும்?

கேள்வி: போர் நடக்கும் நாடுகளில் லாரி, ஹெலிகாப்டர், ஆள்பலம் எல்லாம் ராணுவத்திடம்தான் இருக்கின்றன. பிறகு ஏன் தொண்டு நிறுவனங்கள் ராணுவத்தோடு சேர்ந்து போக மறுக்கின்றன? துப்பாக்கியோடு நாலு பேர் கூட வந்தால் பணியாளர்களுக்குப் பாதுகாப்பு கூடத்தானே செய்யும்?

பதில்: முதலில் கேட்க வேண்டியது இது: அந்த ராணுவம் அந்த ஊரில் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறதா? இல்லை என்றால் ராணுவத்தை அழைப்பதில் பெரிய தயக்கம் தேவையில்லை. செலவையும் ஒழுங்கையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். சண்டையில் இருக்கிறது என்றால் கதையே வேறு. அந்த ராணுவத்தின் ஜீப் நிவாரண லாரிக்கு முன்னால் ஓடத் தொடங்கியதும், எதிர்த்தரப்பின் கண்ணுக்கு அது ராணுவ லாரியாகிவிடும். அடுத்த வாரம் ஜீப் இல்லாமல் அதே லாரி தனியாகப் போகும்போதும் அந்தக் கண் மாறாது. அடி விழுவது பெரும்பாலும் அந்த அடுத்த வாரத்தில்தான்.

சண்டை இல்லாத இடத்திலிருந்து தொடங்கலாம். 2004 சுனாமியின்போது இந்தியக் கடற்படைக் கப்பல்கள் 'ஆபரேஷன் ரெயின்போ' என்ற பெயரில் காலிக்கும் திருகோணமலைக்கும் உடனடியாகப் போய்ச் சேர்ந்தன. எந்தத் தொண்டு நிறுவனத்தாலும் அவ்வளவு சீக்கிரம் அதைச் செய்திருக்க முடியாது. 2005 அக்டோபர் 8 காஷ்மீர் நிலநடுக்கத்தில் மலைச்சாலைகள் சரிந்து, முசாஃபராபாத்துக்கு அப்பால் இருந்த கிராமங்களுக்கு வழியே இல்லாமல் போனது. பாகிஸ்தான் ராணுவமும் அமெரிக்க சினூக் ஹெலிகாப்டர்களும் இல்லாவிட்டால் குளிர்காலத்துக்குள் கூடாரங்கள் மேலே போயிருக்காது.

ஆனால் ஹெலிகாப்டரைப் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. கணக்கைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கிலோகலோரி கொடுக்க வேண்டும் என்பது பொது அளவு. தானியம், பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் சேர்த்து அது சுமார் 550 கிராம் வரும். 10,000 பேருக்கு ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 165 டன். 20 டன் ஏற்றும் லாரி என்றால் எட்டு ஒன்பது லாரிகளில் முடிந்துவிடும். சினூக் ஒரு நடைக்குச் சுமார் 10 டன் தூக்கும், ஆகவே 17 நடை. மி-17 சுமார் 4 டன்தான் தூக்கும், 40 நடைக்கு மேல் பறக்க வேண்டும். அதுவும் வானிலை ஒத்துழைத்து, எரிபொருள் கிடைத்தால். சாலை திறந்திருக்கும்போது ஹெலிகாப்டரில் அரிசி அனுப்புவது பணத்தை எரிப்பது. சாலையைச் சரிசெய்து கொடுக்கும் ராணுவப் பொறியாளர் பிரிவு பத்து ஹெலிகாப்டர்களைவிடப் பெரிய உதவி.

வானிலிருந்து பாராசூட்டில் போடுவதற்கு இன்னும் கடுமையான வரம்பு உண்டு. 2024 மார்ச் 2 அன்று மூன்று அமெரிக்க சி-130 விமானங்கள் காசா மீது 66 பொதிகளில் போட்டது சுமார் 38,000 சாப்பாடு. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடத்தில் அது எந்த மூலைக்கு? அதே மாதம் 8-ஆம் தேதி அல்-ஷாத்தி முகாம் அருகே பாராசூட் விரியாத பொதி விழுந்து ஐந்து பேர் இறந்தனர். தெற்கு சூடானில் உலக உணவுத் திட்டமும் பல ஆண்டுகளாக விமானத்திலிருந்து மூட்டை போடுகிறது. ஆனால் அங்கே கீழே ஒரு குழு முன்கூட்டியே போய் மைதானத்தை அடையாளமிட்டு, ஆட்களையும் மாடுகளையும் வெளியேற்றி, வானொலியில் விமானிக்குச் சொன்ன பிறகுதான் மூட்டைகள் இறங்கும். பிறகு எண்ணி, பட்டியல்படி பிரித்துக் கொடுப்பார்கள். கீழே ஆள் இல்லாமல் போட்டால் ஓடிப் பிடிக்கும் வலு உள்ளவனுக்கே கிடைக்கும். கைக்குழந்தைக்காரிக்கும் முதியவருக்கும் கிடைக்காது.

ராணுவத்தைத் தொண்டு நிறுவனங்களே கூப்பிட்ட சந்தர்ப்பமும் உண்டு. ராணுவத்திடமிருந்து எப்போதும் விலகி நிற்கும் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் தலைவர் 2014 செப்டம்பர் 2 அன்று ஐ.நா.வில் பேசும்போது, எபோலாவை எதிர்கொள்ள உயிரியல் ஆபத்துகளைக் கையாளப் பயிற்சி பெற்ற ராணுவ, சிவில் பிரிவுகளை அனுப்பும்படி நாடுகளைக் கேட்டார். லைபீரியாவிலோ சியரா லியோனிலோ அப்போது அந்தப் படைகளுக்கு எதிரி யாரும் இல்லை. அதனால் கேட்க முடிந்தது. இருந்தும் அமெரிக்க ராணுவம் லைபீரியாவில் கட்டிய 11 சிகிச்சை மையங்களில் பெரும்பாலானவை திறக்கும்போது நோய் தணியத் தொடங்கியிருந்தது. படையை நகர்த்தவே வாரக்கணக்கு ஆகும் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் எழுதப்பட்ட நெறிகள் இருக்கின்றன. இயற்கைப் பேரிடருக்கு 1994-இல் வந்து 2007-இல் திருத்தப்பட்ட ஆஸ்லோ வழிகாட்டுதல். போர்ச் சூழலுக்கு ஐ.நா.வின் 2003 வழிகாட்டுதல். இரண்டிலும் ராணுவ உதவியை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படி, மக்கள் கையில் நேரடியாகப் பொருள் கொடுப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது. இரண்டாவது, மக்களிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்று பொருளை ஏற்றி இறக்குவது. மூன்றாவது, சாலை, பாலம், விமான ஓடுபாதை, மின்சாரம் போன்றவற்றைச் சரிசெய்வது. போர் நடக்கும் இடத்தில் மூன்றாவது படிக்குத்தான் ராணுவம் பொருத்தமானது. இரண்டாவதைச் சூழ்நிலை பார்த்துத்தான் ஏற்க வேண்டும். முதல் படியில், சண்டை போடும் ராணுவம் கையே வைக்கக் கூடாது. சிவில் வழி எதுவும் இல்லாதபோது மட்டுமே ராணுவ வளம், அதுவும் குறித்த காலத்துக்கு என்பது எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முதல் படியில் ராணுவம் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆப்கானிஸ்தானைவிடத் தெளிவான பாடம் இல்லை.

2001 அக்டோபரில் அமெரிக்கா குண்டு வீசிய அதே வாரங்களில் உணவுப் பொட்டலங்களையும் வானிலிருந்து போட்டது. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குப் போதுமான, மஞ்சள் பிளாஸ்டிக் உறையிட்ட பொட்டலம். அதே சமயம் வீசப்பட்ட கொத்துக்குண்டுகளின் சிறு குண்டுகளும் குளிர்பான டின் அளவில், மஞ்சள் நிறத்தில் இருந்தன. வெடிக்காமல் கிடந்த குண்டையும் பொட்டலத்தையும் குழந்தைகள் எப்படிப் பிரித்தறிவார்கள்? இது தெரியவந்ததும் வானொலியில் எச்சரிக்கை ஒலிபரப்பினார்கள். உறையை நீல நிறத்துக்கு மாற்றப்போவதாக நவம்பரில் அறிவித்தார்கள். அதற்குள் போட்டது போட்டதுதான். அதே அக்டோபரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், தொண்டு நிறுவனங்கள் தங்கள் படைபலத்தைப் பெருக்குபவை, போர் அணியின் முக்கிய அங்கம் என்று பொதுமேடையில் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார். கிராமத்தில் வேலை செய்யும் செவிலியருக்கு அதைவிட ஆபத்தான பாராட்டு இருக்க முடியாது.

2002-இல் அமெரிக்கப் படையினர் சிலர் சீருடையில்லாமல், ஆயுதத்தோடு, தொண்டு நிறுவனங்கள் ஓட்டுவது போன்ற வெள்ளை வண்டிகளில் கிராமங்களுக்குப் போய் கிணறு, பள்ளிக்கூடம் பற்றி விசாரித்தார்கள். நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்த பிறகு ஓரளவு மாற்றிக்கொண்டார்கள். 2002 இறுதியில் கார்தேஸில் தொடங்கி 'மாகாண மறுசீரமைப்புக் குழு' என்ற ராணுவ-சிவில் கலப்பு அமைப்புகள் நாடெங்கும் பரவின. ஒரே முகாமிலிருந்து காலையில் ரோந்து போவார்கள், மாலையில் கிளினிக் திறப்பார்கள். தளபதிகள் கையில் இதற்கென்றே தனி நிதியும் இருந்தது. 2004-இல் தெற்கு மாகாணங்களில் அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை துண்டறிக்கை போட்டது. நிவாரணம் தொடர வேண்டுமானால் தாலிபன், அல்-காய்தா பற்றித் தகவல் கொடுங்கள் என்பது அதன் சாரம். தானிய மூட்டையோடு போகும் பெண்ணின் படமும் அதில் இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெற்றார்கள்.

2004 ஜூன் 2 அன்று பாத்கிஸ் மாகாணத்தில் எல்லைகளற்ற மருத்துவர்களின் வண்டி மறிக்கப்பட்டு ஐந்து பணியாளர்கள் கொல்லப்பட்டனர். தாலிபன் சார்பில் பேசியவர் பொறுப்பேற்று, அந்த அமைப்பு அமெரிக்க நலனுக்காக வேலை செய்வதாகக் குற்றம் சாட்டினார். ஜூலை 28 அன்று, ஏறக்குறைய 24 ஆண்டுகள் வேலை செய்த நாட்டிலிருந்து வெளியேறுவதாக அமைப்பு அறிவித்தது. சோவியத் படையெடுப்பு, உள்நாட்டுப் போர், தாலிபன் ஆட்சி எல்லாவற்றையும் தாண்டி நின்றவர்கள் அவர்கள். கொன்றவர்கள்தான் குற்றவாளிகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மருத்துவர் யார், படையாள் யார் என்ற கோட்டை மூன்று வருடமாக அழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதில் பங்கில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உளவுக்கும் இதே கணக்குதான். 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் பின்லேடனைத் தேட சி.ஐ.ஏ. ஒரு மருத்துவரைக் கொண்டு போலி மஞ்சள்காமாலைத் தடுப்பூசி முகாம் நடத்தியது. 2012-இல் வடக்கு வாசிரிஸ்தானில் போலியோ சொட்டு மருந்துக்குத் தடை விழுந்தது. அந்த டிசம்பரிலிருந்து போலியோ பணியாளர்கள் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் அந்தந்த வட்டாரத்துப் பெண்கள். தடுப்பூசித் திட்டங்களை இனி சி.ஐ.ஏ. பயன்படுத்தாது என்று 2014 மே மாதம் வெள்ளை மாளிகை உறுதி கொடுத்தது. 2008 ஜூலையில் கொலம்பிய ராணுவம் பணயக்கைதிகளை மீட்கப் போனபோது ஒருவர் செஞ்சிலுவைச் சின்னத்தை அணிந்திருந்ததை ஜனாதிபதி உரிபே பின்னர் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் பதினைந்து பேர் மீண்டார்கள், நல்லதுதான். ஆனால் அடுத்த முறை உண்மையான செஞ்சிலுவை ஹெலிகாப்டர் இறங்கும்போது காட்டில் நிற்பவன் எதை நம்புவான்?

இப்போது கூட வரும் துப்பாக்கி பற்றி. ஐ.நா. நிவாரண அமைப்புகளின் கூட்டு நிலைப்பாடு எளிமையானது: பொது விதியாக, நிவாரண வாகன அணிக்கு ஆயுதக் காவல் கிடையாது. விதிவிலக்கு வேண்டுமானால் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்தப் பொருள் போகாவிட்டால் ஆட்கள் சாவார்களா? பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளால் வேறு வழியில் பாதையைத் திறந்துவைக்க முடியாதா? காவலோடு போனால் ஆபத்து உண்மையிலேயே குறையுமா? இன்று காவலோடு போய்விட்டு நாளை காவல் இல்லாமல் போக முடியுமா? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். ஒருமுறை காவல் வைத்தால் விடுவது கடினம், ஏனென்றால் காவல் கொடுப்பவருக்கு அதில் வருமானமோ செல்வாக்கோ வந்துவிடும். சோமாலியாவில் தொண்ணூறுகளில் நிறுவனங்கள் கூலிக்கு அமர்த்திய துப்பாக்கிக்காரர்களை நிறுத்தப் போனபோது அவர்களே அச்சுறுத்தலாக மாறினார்கள்.

சட்டப்படியும் விஷயம் தெளிவு. ராணுவ வண்டி போரில் சட்டபூர்வமான இலக்கு. கண்ணிவெடி வைத்தவன் ஜீப்புக்காக வைத்திருப்பான், மூன்றாவதாக வரும் லாரியில் வெடிக்கும். வேறு வழியே இல்லாமல் காவலோடு போகும்போது, படை வண்டிகளை அணிக்கு நடுவே கலக்காமல் தூரத்தில் முன்னும் பின்னும் ஓடவைப்பார்கள். அல்லது வண்டிகளுக்குப் பக்கத்திலேயே வராமல் பாதையை முன்கூட்டியே சோதித்து, முக்கிய இடங்களில் நின்று, அணியைக் கடந்துபோக விடுவார்கள். இந்த இரண்டாவது முறையே பல இடங்களில் போதும், ஆனால் ஏனோ குறைவாகத்தான் கேட்கிறார்கள். நிவாரண வண்டிக்குள் சிப்பாயை ஏற்றுவது எந்தச் சூழலிலும் கிடையாது, காயம்பட்டவராக இருந்தால் ஆயுதத்தைக் கழற்றிய பிறகே. வண்டிக் கண்ணாடியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டுவது இதற்காகத்தான்.

ராணுவம் பக்கத்தில் இருந்தால் ஆபத்தில் ஓடிவருவார்கள் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2016 ஜூலை 11 அன்று தெற்கு சூடானின் ஜுபாவில் 'டெர்ரெய்ன்' விடுதிக்குள் அரசுப் படையினரே புகுந்து நிவாரணப் பணியாளர்களை மணிக்கணக்கில் தாக்கினார்கள். ஓர் உள்ளூர்ப் பத்திரிகையாளரைக் கொன்றார்கள். பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஐ.நா. அமைதிப்படை முகாம். உள்ளேயிருந்து போன் மேல் போன் போனது. ஐ.நா. படை வரவே இல்லை. விசாரணைக்குப் பிறகு படைத்தளபதி பதவி நீக்கப்பட்டார்.

துப்பாக்கியும் வேண்டாம் என்றால் எதை நம்பிப் போவது? முதலில், எல்லாத் தரப்பும் 'இவர்கள் நமக்கும் வைத்தியம் பார்ப்பவர்கள்' என்று ஏற்றுக்கொள்வது. அதற்கு மாதக்கணக்கில் பேச வேண்டும்: தளபதியிடம் மட்டும் போதாது, சாவடியில் நிற்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். இரண்டாவது, விமானமும் பீரங்கியும் வைத்திருக்கும் படைகளுக்கு 'இங்கே இருக்கிறோம், இந்த வழியே போகிறோம்' என்று முன்கூட்டியே அறிவிப்பது. இந்த அறிவிப்பில் என்ன தவறு நேர்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமீப காலத்தில் பல உயிர்கள் போனது இதில்தான்.

ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரை 2015 செப்டம்பர் 28 அன்று தாலிபன் பிடித்தது. மறுநாளே எல்லைகளற்ற மருத்துவர்கள் தங்கள் அறுவைச் சிகிச்சை ஆஸ்பத்திரியின் ஜி.பி.எஸ். புள்ளிகளை அமெரிக்க, ஆப்கன் தரப்புகளுக்கு மறுபடி அனுப்பினார்கள். அக்டோபர் 3 அதிகாலை 2.08-க்கு அமெரிக்க ஏசி-130 விமானம் அந்த ஆஸ்பத்திரியின் பிரதானக் கட்டடத்தின் மேல் சுடத் தொடங்கியது. 42 பேர் இறந்தனர். 24 நோயாளிகள், 14 பணியாளர்கள், 4 துணையாட்கள்.

2016 ஏப்ரலில் வெளியான அமெரிக்க விசாரணை அறிக்கை வரிசையாகச் சொன்ன தவறுகள் இவை. அவசர அழைப்பு வந்ததால் விமானம் திட்டமிட்டதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகக் கிளம்பியது. தாக்கக்கூடாத இடங்களின் பட்டியல் உட்பட வழக்கமான விளக்கம் குழுவுக்குக் கிடைக்கவில்லை. பறக்கும்போது அனுப்பலாம் என்றால் தகவல் கருவி பழுது. ஏவுகணை வருவதாக நினைத்து விமானம் தூரமாக விலகிச் சுற்றியது. அங்கிருந்து இலக்கின் எண்களைப் போட்டபோது கருவி ஒரு வெற்று வயலைக் காட்டியது. உண்மையான இலக்கு, தாலிபன் பிடித்து வைத்திருந்த உளவுத்துறைக் கட்டடம். குழு அந்தக் கட்டடத்தின் வர்ணனையை வைத்துக் கண்ணால் தேடியபோது சில நூறு மீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரி கண்ணில் பட்டது. விமானம் நெருங்கி வந்ததும் கருவி சரியான கட்டடத்தையே காட்டியது. குழுவோ கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டது. சுடுவதற்குச் சற்று முன் அந்தப் புள்ளி பக்ராம் தலைமையகத்துக்கும் போனது. பட்டியலோடு ஒப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

2.19-க்கு அமைப்பின் காபூல் பிரதிநிதி கூட்டுப்படைக்குப் போன் செய்தார். அதன் பிறகு செஞ்சிலுவை, ஐ.நா., அமைச்சகங்கள் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். 2.52-க்கு வந்த பதில், என்ன நடந்தது என்று இன்னும் தெரியவில்லை என்பது. 2.56-க்கு நிறுத்துங்கள் என்று அனுப்பிய குறுஞ்செய்திக்கு, முடிந்ததைச் செய்கிறேன், உங்களுக்காகப் பிரார்த்திக்கிறேன் என்று பதில் வந்தது. அமெரிக்கக் கணக்கில் சுட்டது 30 நிமிடம், அமைப்பின் கணக்கில் ஒரு மணி நேரம். பதினாறு படையினர் மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட்டது. குற்ற வழக்கு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி புள்ளியைக் கொடுத்திருந்தது. புள்ளி தலைமையகத்தில் இருந்தது. பொத்தானை அழுத்தும் கைக்குப் போகவில்லை. எட்டரை ஆண்டு கழித்து காசாவில் இதே இடைவெளியில் மறுபடி உயிர்கள் போயின. 2024 ஏப்ரல் 1 இரவு, 'உலக மத்திய சமையலறை' அமைப்பின் மூன்று வண்டிகள் தேர் அல்-பலாஹ் கிடங்கில் உணவை இறக்கிவிட்டு, ராணுவத்திடம் சொல்லி ஒப்புதல் வாங்கிய பாதையில் திரும்பின. ட்ரோன் முதல் வண்டியைத் தாக்கியது. பிழைத்தவர்கள் அடுத்த வண்டியில் ஏறினார்கள், அதையும் தாக்கியது, பிறகு மூன்றாவதையும். ஏழு பேர் இறந்தனர். கார்களில் இருப்பது ஆயுதக் குழு என்று தவறாக முடிவு செய்ததாக இஸ்ரேல் ராணுவ விசாரணை சொன்னது. வண்டிக் கூரையில் இருந்த பெரிய சின்னம் இரவில் ட்ரோன் கேமராவுக்குத் தெரியவில்லை. இரண்டு அதிகாரிகள் நீக்கப்பட்டனர்.

இதிலிருந்து களத்தில் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. இரவில் ட்ரோன் வெப்பத்தைப் பார்க்கிறது, பெயிண்டைப் பார்ப்பதில்லை. ஆகவே கூரையில் வெப்பக் கேமராவில் தெரியும் அடையாளப் பலகையோ மினுக்கும் விளக்கோ வேண்டும். அதைவிட நல்லது, இரவில் நகராமல் இருப்பது. ஆஸ்பத்திரியாக இருந்தால் கொடி மட்டும் போதாது, செஞ்சிலுவை அல்லது செம்பிறை போல எல்லாப் படைகளும் அறிந்த சின்னம் கூரையில் பெரிதாக, வெளிச்சம் போட்டு இருக்க வேண்டும் (உரிமை உள்ள அமைப்புகளே அதைப் போடலாம், நாட்டின் ராணுவ மருத்துவப் பிரிவின் அல்லது அரசின் அனுமதியோடு).

எண்களை எழுதும் விதத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். தொண்டு நிறுவனம் தசம டிகிரியில் எழுதும். ராணுவம் வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்ட எண்ணில் எழுதும். நடுவில் ஒருவர் மாற்றித் தட்டுவார். 36.50 டிகிரி என்பது 36 டிகிரி 30 நிமிடம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்). அதை 36 டிகிரி 50 நிமிடம் என்று படித்துவிட்டால் புள்ளி 37 கிலோமீட்டர் வடக்கே போய்விடும். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் மட்டும் கொடுத்தால் நூறு மீட்டர் வரை பிசகலாம். ஐந்து இலக்கம் கொடுத்தால் ஒரு மீட்டர் சுற்றில் நிற்கும். பெரிய வளாகத்துக்கு வாசல் புள்ளி ஒன்றை மட்டும் கொடுக்காதீர்கள், நான்கு மூலைகளும் நடுப்புள்ளியும் கொடுங்கள், செயற்கைக்கோள் படத்தில் சிவப்புக் கோடு போட்டு இணையுங்கள். இரண்டு முறையிலும் எழுதி, எந்த அளவை முறை என்றும் எழுதுங்கள். நேரத்துக்கும் இதே கவனம் வேண்டும். ராணுவம் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் பேசும், ஆப்கானிஸ்தான் அதற்கு நாலரை மணி முன்னால். 'இரவு 10' என்று மொட்டையாக எழுதினால் யாருடைய இரவு 10 என்று யார் கேட்பார்கள்?

பயண அறிவிப்பில் கிளம்பும் நேரம், சேரும் நேரம், பாதை, ஒவ்வொரு வண்டியின் வகை, நிறம், எண், ஆட்களின் எண்ணிக்கை, சரக்கு, இரண்டு சாட்டிலைட் போன் எண்கள் இருக்க வேண்டும். திரும்பும் பயணத்துக்குத் தனியாக எழுதுங்கள். போகும்போது லாரியோடு, வரும்போது கார் மட்டும் என்றால் அதுவும் எழுத்தில் இருக்கட்டும். அனுப்பியதற்கு 'பெற்றோம்' என்ற பதில் போதாது; வான்படைக் கட்டுப்பாட்டு அறைக்கும் அந்தப் பகுதிப் படைப்பிரிவுக்கும் போய்விட்டதா என்று கேட்டு உறுதி வாங்க வேண்டும். அவசர எண்ணை வாரம் ஒருமுறை இரவு இரண்டு மணிக்குச் சும்மா அடித்துப் பாருங்கள். படை அதிகாரிகள் ஆறு மாதம், ஒரு வருடத்தில் மாறிப்போவார்கள். பழைய அதிகாரியின் எண் புதியவரிடம் இருக்காது. இப்படிச் சோதித்துப் பார்க்கும் அலுவலகங்கள் மிகக் குறைவு.

படைகளிடம் கேட்க வேண்டியது இன்னும் முக்கியம். அறிவிப்பு கொடுப்பது பாதுகாப்புக்கு நிபந்தனை ஆகாது. அறிவிக்காத ஆஸ்பத்திரிக்கும் சட்டம் அதே பாதுகாப்பைத்தான் கொடுக்கிறது. தாக்கக்கூடாத பட்டியலோடு ஒப்பிடாமல் எந்தச் சுடும் உத்தரவும் போகக் கூடாது. நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர் அவசர எண்ணின் மறுமுனையில் உட்கார்ந்திருக்க வேண்டும். படையினர் வெள்ளை வண்டி ஓட்டக் கூடாது, சீருடையைக் கழற்றக் கூடாது, நிவாரணத்துக்குப் பதிலாகத் தகவல் கேட்கக் கூடாது, துப்பாக்கியோடு வார்டுக்குள் வந்து படம் எடுக்கக் கூடாது. ராணுவத்தோடு பேசவே கூடாது என்று சில நிறுவனங்கள் நினைப்பது தவறு. பேச வேண்டும், முகாமுக்குள் போகாமல் பொது இடத்தில், இதற்கென்று நியமித்த ஒருவர் வழியாக.

கடைசியாக, சாவது யார் என்பது. ஐ.நா. கணக்கில் 2024-இல் உலகெங்கும் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் 181 பேர் காசாவில், 60 பேர் சூடானில். பெரும்பாலானோர் அந்த நாட்டவர்களே. 2006 ஆகஸ்ட் 4 அன்று மூதூரில் 'பசிக்கெதிரான செயற்பாடு' என்ற பிரெஞ்சு அமைப்பின் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 பேரும் அப்படித்தான். பதினாறு தமிழர்கள், ஒரு முஸ்லிம், எல்லோரும் சுனாமிக்குப் பின் தண்ணீர், சுகாதார வேலைக்கு வந்த உள்ளூர்ப் பணியாளர்கள். சண்டையில் ஊர் அடைபட்டபோது அலுவலகத்திலேயே இருக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. திருகோணமலையிலிருந்து கூட்டிவரப் போனவர்களால் உள்ளே நுழைய முடியவில்லை. சிலர் அமைப்பின் டி-ஷர்ட்டோடு இறந்து கிடந்தார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு பாதுகாப்புப் படைகளே பொறுப்பு என்றது, அரசு மறுத்தது. இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

எனவே ஒரு நிறுவனத்தின் பாதுகாப்புத் திட்டத்தை எடைபோட, குண்டு துளைக்காத வண்டி எத்தனை என்று எண்ணாதீர்கள். வெளியேற்றும் விமானத்தில் உள்ளூர்ப் பணியாளருக்கும் குடும்பத்துக்கும் இடம் உண்டா, இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளம் முன்கூட்டியே கையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். ஒப்பந்த லாரி டிரைவரும் காப்பீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பாதை சரியில்லை என்று அந்த டிரைவர் சொன்னால், காரணம் கேட்காமல் அன்றைய பயணத்தை ரத்து செய்யும் விதி எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.